அந்தப் பக்கம் யார்?

2011 ஆகஸ்ட் மாதம். பெங்களூரில் ஒரு சின்ன நிறுவனத்தில் லினக்ஸ் கெர்னலுக்கு டிரைவர் எழுதும் வேலையில் சேர்ந்து எனக்கு இரண்டு வருஷம் ஆகியிருந்தது. பெரிய மோட்டார்களின் அதிர்வை அளக்கும் ஒரு பெட்டியைச் செய்துகொண்டிருந்தோம். பெட்டிக்குள் ஓர் ஆர்ம் பிராசஸர். பக்கத்திலேயே சென்சார்களிலிருந்து அளவுகளைச் சேகரிக்கும் ஓர் எஃப்.பி.ஜி.ஏ. சிப். பிராசஸர் கட்டளை கொடுத்ததும் அந்த சிப் அளவுகளை டி.எம்.ஏ. வழியாகத் தானே மெமரியில் கொண்டுவந்து கொட்டும். கொட்டி முடித்த பிறகு, டிஸ்கிரிப்டர் என்று நாங்கள் சொல்லும் சிறிய குறிப்பேட்டில் ‘முடிந்தது’ என்பதற்கான பிட்டை 1 ஆக்கும். அதுவும் அதே மெமரியில்தான் இருக்கும். பிட் 1 ஆனதைப் பார்த்ததும் என் டிரைவர் அளவுகளை எடுத்து மேலே அனுப்ப வேண்டும்.

பார்த்துக்கொண்டே காத்திருக்கும் அந்த இடம் ஒரு லூப். பிட் 0 ஆக இருக்கும்வரை திரும்பத் திரும்பப் பார். பத்தாயிரம் தடவை பார்த்தும் மாறாவிட்டால் ‘டைம் அவுட்’ என்று பிழை சொல்லித் திரும்பு. லூப்புக்குள் முதலில் ஒரு மைக்ரோ செகண்ட் நிற்கச் சொல்லும் வரி ஒன்றும் இருந்தது. வேகம் போதவில்லை என்றார்கள். அந்த வரியை எடுத்தவன் நான். இரண்டு நாள் சோதனை ஓடியது, ஒரு பிழையும் வரவில்லை. பெட்டிகளை அனுப்பிவிட்டோம்.

ஆறு வாரம் கழித்து ஓர் ஆலையிலிருந்து புகார் வந்தது. ஒரு நாளைக்கு நாலைந்து தடவை டைம் அவுட். ஒவ்வொன்றுக்கும் ஒரு துண்டு அளவு காணாமல் போகிறது. எங்கள் லேபில் வருவதே இல்லை. நெட்வொர்க்கில் வேண்டுமென்றே நெரிசல் உண்டாக்கிப் பார்த்தபோதுதான் மணிக்கு ஒன்றாவது வந்தது. அதைப் பிடிக்க, லாகில் செய்தி எழுதும் பிரிண்ட்கே வரி ஒன்றை லூப்புக்குள் போட்டேன். பிழை மறைந்தது. வரியை எடுத்தேன், திரும்ப வந்தது. மறுபடி போட்டேன், மறைந்தது. மூன்று இரவு இப்படியே போயிற்று. பார்க்கப் போனால் ஒளிந்துகொள்ளும் பிழையோடு மாட்டியவர்களுக்கு அந்த இரவுகள் எப்படியிருக்கும் என்று தெரியும். சாப்பாடு இறங்காது, கண்ணை மூடினாலும் அந்த நாலு வரிதான் தெரியும்.

எங்கள் குழுவில் மூத்தவர் ஒருவர் இருந்தார். நாகர்கோவில்காரர். அலுவலகத்தில் எல்லாரும் பேர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். நான் தென்காசிப் பக்கத்துக்காரன், எனக்கு வாய் வராது, அண்ணாச்சி என்பேன். நாலாம் நாள் காலையில் அவர் என் மேஜைக்கு வந்து லாகைக் காட்டச் சொன்னார். கெர்னல் லாகில் ஒவ்வொரு வரிக்கும் முன்னால் மைக்ரோ செகண்ட் கணக்கில் நேரம் இருக்கும். கட்டளை போன வரியிலும் டைம் அவுட் வந்த வரியிலும் விரலை வைத்தார்.

“கழிச்சுப் பாரு.”

ஆறு மைக்ரோ செகண்ட்.

“பத்தாயிரம் தடவ மெமரிக்குப் போயிட்டு வர எவ்வளவு ஆகும்?”

அந்த மெமரி கேச் இல்லாமல் வைத்திருந்த பகுதி. ஒரு தடவை போய்வர நூறு நானோ செகண்ட் என்று வைத்துக்கொண்டாலும், பத்தாயிரம் தடவைக்கு ஒரு மில்லி செகண்ட். ஆறு மைக்ரோ செகண்டில் முடிய வழியே கிடையாது. மூன்று இரவும் அந்த எண்கள் என் கண் முன்னாலேதான் இருந்தன. ‘டைம் அவுட்’ என்ற சொல்லை வாசித்தேனே தவிர, நேரத்தை வாசிக்கவில்லை.

“அப்போ அவன் பத்தாயிரம் தடவ பாக்கல மக்கா. ஆப்ஜ்டம்ப் எடுத்து பிரிண்ட் போட்டுக் கொண்டா.”

கம்பைலர் உண்டாக்கிய அசெம்பிளியை அச்செடுத்துக்கொண்டு போனேன். ஏழு தாள். இடப்பக்கம் என் சி நிரலை வைத்துக்கொண்டு, வலப்பக்கம் தாளில் பென்சிலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுக்கொண்டே வந்தார். கட்டளை எழுதும் வரி இருந்தது. அதற்குக் கீழே ஓர் எல்டிஆர்: மெமரியிலிருந்து ரிஜிஸ்டருக்கு எடு. அடுத்து ஒரு டிஎஸ்டி: பிட்டைச் சோதி. அடுத்து, பிட் 0 என்றால் தாவு. பென்சில் அந்தத் தாவலின் முகவரியைத் தேடி மூன்றாம் தாளுக்குப் போனது. அங்கே இருந்தது எம்விஎன் ஆர்0, 109. நூற்றொன்பதின் பிட்டுகளைத் திருப்பிப் போட்டால் மைனஸ் 110. லினக்ஸில் டைம் அவுட்டுக்கான பிழை எண் அதுதான்.

நடுவில் லூப் இல்லை. பத்தாயிரம் இல்லை, ஒன்றிலிருந்து எண்ணுவதுகூட இல்லை. ஒரே ஒரு தடவை பார். பிட் 1 என்றால் சரி, 0 என்றால் டைம் அவுட். நான் எழுதிய காத்திருப்பு அந்தத் தாளில் எங்கும் கிடையாது.

எனக்குக் கோபம் வந்தது. கம்பைலரில் பிழை என்றேன். அண்ணாச்சி பென்சிலைக் கீழே வைத்தார்.

“அவன் மேல ஏன் கோவப்படுதே? நீ எழுதினத அவன் சரியாத்தான் வாசிச்சிருக்கான். லூப்புக்குள்ள நீ அந்த பிட்ட மாத்துதியா? இல்ல. வேற ஃபங்ஷன் எதையாவது கூப்பிடுதியா? அதுவும் இல்ல. அப்போ முதல் தடவ 0ன்னா, பத்தாயிரமாவது தடவையும் 0தான். பஸ் வருதான்னு ஒரு தடவ ரோட்ட எட்டிப் பாத்தாச்சு. வீட்டுக்குள்ள யாரும் ரோட்டத் தொடல. இனிமே எதுக்கு எட்டிப் பாக்கணும்? வரலைன்னு எழுதிட்டான். ரோட்டுல இன்னொருத்தன் வண்டி ஓட்டிட்டு வாரான்னு நீ அவன்கிட்ட சொன்னியா?”

நான் சொல்லவில்லை. எனக்குத் தெரியும், அதனால் நிரலுக்கும் தெரியும் என்று இருந்துவிட்டேன்.

அப்புறம் ஒவ்வொன்றாக விளங்கியது. பிரிண்ட்கே போட்டதும் பிழை ஏன் மறைந்தது? அது வெளியே இருக்கும் ஃபங்ஷன். உள்ளே என்ன செய்யும் என்று கம்பைலருக்குத் தெரியாது. மெமரியை மாற்றியிருக்கலாம் என்று எண்ணித் திரும்பிவந்து மறுபடி படிக்கும். நான் எடுத்துப்போட்ட காத்திருப்பு வரியும் அப்படித்தான் அத்தனை நாளும் எனக்குத் தெரியாமலே என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. சோதனையில் ஏன் சிக்கவில்லை? பெரும்பாலும் சிப் வேகமாக வேலையை முடித்துவிடும். முதல் பார்வையிலேயே பிட் 1 ஆக இருக்கும். நெட்வொர்க் நெரிசலில் மெமரிப் பாதை அடைத்துக்கொண்டு சிப் கொஞ்சம் தாமதித்தால் மட்டும், இல்லாத லூப் தன் இல்லாமையைக் காட்டும்.

கம்பைலர் ஏன் இப்படிச் செய்கிறது என்று கேட்டால், அதைத்தான் நாம் அதனிடம் கேட்கிறோம். ரிஜிஸ்டரில் இருப்பது கைக்குள் இருப்பது போல. மெமரிக்குப் போய்வருவது நூறு மடங்குக்கு மேல் தாமதம். போக வேண்டாத நடையைக் குறைப்பதே ஆப்டிமைசேஷனில் பாதி வேலை. வெளியில் தெரியும் விளைவு மாறாதவரை உள்ளே எதை வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம் என்று சி மொழியின் தரமும் இடம் கொடுக்கிறது. சிக்கல் அந்த ‘வெளியில்’ என்ற சொல்லில் இருக்கிறது. 1989-இல் தரப்படுத்தப்பட்ட சி, ஒரே ஓட்டத்தில் ஓடும் நிரலைத்தான் மனசில் வைத்திருந்தது. ஒரே மெமரியைப் பல இழைகள் ஒரே சமயத்தில் தொடுவதைப் பற்றி அந்தத் தரம் பேசத் தொடங்கியது 2011-இல். லினக்ஸோ 1991-இல் பிறந்து, 1996-இல் வந்த 2.0 பதிப்பிலேயே பல பிராசஸர்களில் ஓடத் தொடங்கிவிட்டது. நடுவில் அத்தனை வருஷமும், பக்கத்தில் இன்னொருவர் இருக்கிறார் என்பதையே அறியாத ஒரு மொழியில், இன்னொருவரோடு பகிர்ந்துகொள்ளும் நிரலைக் கெர்னல்காரர்கள் எழுதிவந்திருக்கிறார்கள்.

திருத்தம் என்று நான் முதலில் செய்தது, டிஸ்கிரிப்டர் முழுவதற்கும் ‘வாலடைல்’, அதாவது ஒவ்வொரு தடவையும் மெமரிக்கே போய்ப் பார், என்று போட்டது. லூப் திரும்பி வந்தது. அண்ணாச்சி ஒப்புக்கொள்ளவில்லை. கெர்னல் ஆவணங்களில் ஜோனதன் கார்பெட் எழுதிய ஒன்று இருக்கிறது, வாலடைலைத் தவிர்க்கச் சொல்வது. அதை வாசித்துவிட்டு வரச் சொன்னார். அதன் சாரம் எனக்கு இப்படி மனசில் பதிந்தது: வாலடைல் என்ற அடையாளம் பொருளின் மேல் ஒட்டப்படுகிறது, ஆபத்தோ, அந்தப் பொருளை எடுக்கும் இடத்தில் இருக்கிறது. மற்றவர் தொடாதபடி லாக் என்ற பூட்டைப் பிடித்துக்கொண்டு படிக்கும்போது ஆபத்தே இல்லை. அங்கேயும் வாலடைல் கம்பைலரின் கையைக் கட்டிப்போடும். லாக் இல்லாமல் படிக்கும் இடத்தில் ஆபத்து உண்டு. ஆனால் வாசிக்கிறவருக்கு அந்த இடம் எதுவென்றே தெரியாமல் போய்விடும்.

அப்போது கெர்னலில் ‘ஆக்சஸ்_ஒன்ஸ்’ என்ற மேக்ரோ இருந்தது. குறிப்பிட்ட அந்த ஒரு வாசிப்பை மட்டும் வாலடைலாக்கும்: இங்கே மெமரிக்குப் போ, சரியாக ஒரு தடவை போ, பழைய நினைவை வைத்து ஒப்பேற்றாதே. அந்த வரியை எழுதினேன். லூப்புக்குள் ‘சிபியு_ரிலாக்ஸ்’ போட்டேன். காத்திருக்கும் லூப்புகளுக்கென்றே கெர்னலில் இருப்பது அது, தன்னளவிலேயே கம்பைலருக்குத் தடுப்பும்கூட. மறுபடி அச்செடுத்தோம். எல்டிஆர், டிஎஸ்டி, தாவல், கழித்தல், பின்னால் தாவல். லூப் இருந்தது. அந்தத் தாளை ரொம்ப நாள் மேஜை டிராயரில் வைத்திருந்தேன்.

“இன்னும் முடியல,” என்றார் அண்ணாச்சி. “மேல ஒரு கமெண்ட் எழுது. அந்தப் பக்கம் யாருன்னு எழுது. இந்த பிட்ட எழுதுறது யாரு, எப்போ எழுதுவான், நீ ஏன் இப்பிடிப் படிக்கே. எழுதலைன்னா அடுத்து வாரவன் வேகம் போதலைன்னு இதையும் எடுத்துருவான்.”

எழுதினேன். நாலு வரி.

2013-இல் அதே டிரைவர் புதிய போர்டுக்குப் போனது. இரண்டு கோர் உள்ள கார்டெக்ஸ்-ஏ9. லூப் சரியாக இருந்தது. பிட் 1 ஆனதைப் பார்த்துவிட்டுத்தான் அளவுகளை எடுத்தோம். ஆனாலும் எப்போதாவது, தொடக்கத்தில் இருக்கும் சில எண்கள் முந்தைய சுற்றின் பழைய எண்களாக இருந்தன. அசெம்பிளியில் வரிசை சரியாக இருந்தது: முதலில் பிட், அப்புறம் அளவு. கம்பைலர் மேல் ஒரு குற்றமும் இல்லை.

இந்தத் தடவை வரிசையை மாற்றியது பிராசஸரே. பிட் வரும்வரை சும்மா நிற்பானேன் என்று, அடுத்து வேண்டியிருக்கும் அளவை முன்கூட்டியே போய் எடுத்து வைத்துக்கொள்ளும். பிட் 1 என்று தெரிந்ததும் எடுத்து வைத்ததையே கொடுக்கும். அது எடுத்த நேரத்தில் சிப் இன்னும் புதிய அளவை எழுதி முடிக்கவில்லை. மணி அடித்த பிறகு பெட்டியைத் திற என்று சொல்லியிருக்கிறோம். அதுவோ மணிக்கு முன்பே பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, மணி கேட்டதும் அந்த நினைவைச் சொல்கிறது. இன்டெல் வகை பிராசஸர்களில் மெமரி வாசிப்புகள் தம் வரிசையை மாற்றிக்கொண்டதாக வெளியே தெரியாது. ஆர்ம் அப்படி உறுதி கொடுப்பதில்லை. வரிசை வேண்டுமென்றால் நாம்தான் பேரியர் போட்டுக் கேட்டு வாங்க வேண்டும். பிட்டைப் படித்த வரிக்கும் அளவைப் படிக்கும் வரிக்கும் நடுவே ‘ஆர்எம்பி’ என்று ஒரு பேரியர். அதற்கு மேலும் ஒரு கமெண்ட். இதற்குள் எனக்கே பழகிவிட்டது. பேரியருக்குக் கமெண்ட் இல்லையென்றால், கெர்னலோடு வரும் செக்பேட்ச் என்ற சரிபார்ப்புக் கருவியே எச்சரிக்கும் என்பதையும் அப்போதுதான் கவனித்தேன். அண்ணாச்சி சொன்ன ஒழுக்கம் அவருடையது மட்டும் இல்லை, அந்தச் சமூகம் முழுவதும் பட்டுத் தேறிய ஒழுக்கம் என்று புரிந்தது.

பட்டது கொஞ்சமா? அதற்கப்புறம் இந்த வகைப் பிழைகளைத் தேடித் தேடி வாசித்தேன். 2009 ஜூலையில் டன் என்ற நெட்வொர்க் டிரைவரில் வெளிவந்த ஓட்டை ஒன்று. ஒரு பாயிண்டர் வழியாக முதல் வரியில் ஒரு மதிப்பை எடுத்துவிட்டு, அடுத்த வரியில் அந்தப் பாயிண்டர் வெறுமையா என்று சோதித்திருந்தார்கள். முதல் வரியிலேயே பயன்படுத்திவிட்டார்கள் என்றால் அது வெறுமையாக இருக்கவே முடியாது என்று முடிவு செய்து, சோதனையையே தூக்கிவிட்டது ஜிசிசி கம்பைலர். சி மொழியின் விதிப்படி அது சரி. ஆனால் கெர்னலில் 0 என்ற முகவரியிலும் ஒருவர் வேண்டுமென்றே மெமரியைக் கொண்டுவந்து வைக்க முடியும். அந்த வழியாகக் கெர்னலையே கைப்பற்றிக் காட்டினார்கள். அதன்பின் வெறுமைச் சோதனைகளை நீக்காதே என்று கம்பைலருக்குக் கட்டளையிடும் ஒரு விருப்பத்தைக் கெர்னலின் மேக்ஃபைலில் சேர்த்தார்கள். இன்றும் அது இருக்கிறது.

என்னை ரொம்ப நாள் தூங்கவிடாதது 2012 பிப்ரவரியில் யான் காரா எடுத்துச் சொன்ன பிழை. பிடிஆர்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டத்தில் ஒரு கட்டமைப்பு. அதில் 32 பிட் அகலத்தில் ஒரு லாக், அதை ஒட்டி ஒற்றை பிட் கொடி ஒன்று. ஐஏ64 பிராசஸருக்கு ஜிசிசி உண்டாக்கிய நிரல், அந்த ஒற்றை பிட்டை மாற்றுவதற்காக லாக்கையும் சேர்த்து 64 பிட்டாக எடுத்து, பிட்டை மாற்றி, 64 பிட்டாகவே திரும்ப எழுதியது. எடுத்ததற்கும் எழுதியதற்கும் நடுவில் இன்னொரு பிராசஸர் அந்த லாக்கைத் தொட்டிருந்தால், அது அழிந்து பழைய மதிப்பு வந்து உட்காரும். லாக்கைத் தொடும்படி நிரலாளர் ஒரு வரியும் எழுதவில்லை. அடுத்த வீட்டு வாசலைப் பெருக்கப்போனவர் நம் வீட்டுப் பூட்டைக் கழற்றி மாட்டிவிட்டுப் போனது போல. என் பிழையில் நான் சொல்லத் தவறியிருந்தேன். இங்கே சொல்லவே வழியில்லாமல் இருந்தது. பக்கத்தில் இருப்பதைத் தொடாதே என்ற விதியை 2011-இன் சி தரம் எழுதி வைத்தது எவ்வளவு பெரிய காரியம் என்று இதை வாசித்தபோது விளங்கியது.

நாங்கள் நம்பியிருந்த ஆக்சஸ்_ஒன்ஸும் தப்பவில்லை. 2014-இல் கிறிஸ்டியன் போர்ன்ட்ரேகர் கண்டுபிடித்தார்: எளிய எண் வகையாக இல்லாமல் கட்டமைப்பாகவோ யூனியனாகவோ இருப்பதன் மேல் இந்த மேக்ரோவைப் போட்டால், ஜிசிசியின் சில பதிப்புகள் வாலடைல் என்பதையே கைவிட்டுவிடுகின்றன. அதற்கு மாற்றாக ‘ரீட்_ஒன்ஸ்’, ‘ரைட்_ஒன்ஸ்’ என்ற இரண்டு, 2015 தொடக்கத்தில் 3.19 பதிப்போடு வந்தன. பிறகு 2018-இல் கெர்னலின் மெமரி ஒழுங்கையே கணித வடிவில் எழுதிக் கெர்னலுக்குள்ளேயே வைத்தார்கள். 2020-இல் வந்த 5.8 பதிப்பில், சொல்லாமல் பகிர்ந்துகொள்ளும் இடங்களை ஓடும்போதே பிடித்துக்கொடுக்கும் கேசிசான் என்ற கருவி சேர்ந்தது. என் மூன்று இரவுகளை ஒரே ஓட்டத்தில் மிச்சப்படுத்தக்கூடிய கருவி என்று முதலில் நினைத்தேன். அப்புறம்தான் உறைத்தது: பிராசஸர்கள் ஒன்றோடொன்று மோதினால் இரண்டு பக்கத்தையும் அது காட்டும், என் கதையில் அந்தப் பக்கம் இருந்தது ஒரு சிப்; மதிப்பு மாறியதைக் கண்டாலும் மாற்றியது யார் என்று அதனால் சொல்ல முடியாது. அதைப் பற்றி எழுதிச் சொல்ல இப்போதும் மனுஷர்தான் வேண்டும்.

2018-இல் எங்கள் பெட்டியைப் புதிய கெர்னலுக்கு மாற்றும் வேலை வந்தது. ஈரோட்டிலிருந்து புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்ணிடம் கொடுத்தோம். இரண்டாம் நாள் மடிக்கணினியோடு வந்தாள்.

“அண்ணா, ஆக்சஸ்_ஒன்ஸ் இல்லைன்னு எரர் வருதுங்க. 4.15ல எடுத்துட்டாங்க போல. மேக்ரோவை எடுத்துட்டு நேரா படிச்சா கம்பைல் ஆகுது. டெஸ்ட்டும் பாஸ் ஆகுதுங்க. ஆனா மேல ஒரு கமெண்ட் இருக்கு. அதைப் படிச்சதுக்கப்புறம் கை வரலை.”

திரையைத் திருப்பிக் காட்டினாள். ஏழு வருஷத்துக்கு முன் நான் எழுதிய நாலு வரி. இந்த பிட்டை எழுதுவது சிப், டி.எம்.ஏ. முடிந்ததும் எப்போது வேண்டுமானாலும் எழுதும். கம்பைலருக்கு அது தெரியாது. நேராகப் படித்தால் லூப் காணாமல் போகும், சோதனையில் தெரியாது.

அவளோடு உட்கார்ந்து, மேக்ரோவை எடுத்துவிட்டு ஒருமுறை, ரீட்_ஒன்ஸ் போட்டு ஒருமுறை அசெம்பிளி எடுத்தோம். சிபியு_ரிலாக்ஸ் இருந்ததால் இரண்டிலுமே லூப் இருந்தது. அப்படியானால் மேக்ரோ எதற்கு என்று கேட்டாள். நல்ல கேள்வி. என்றைக்காவது ஒருவர் வேகம் போதவில்லை என்று சிபியு_ரிலாக்ஸை எடுப்பார் என்றேன். அவளே அதை எடுத்துவிட்டு மறுபடி இரண்டு வகையிலும் கம்பைல் செய்தாள். ஒன்றில் லூப் இருந்தது. இன்னொன்றில் எல்டிஆர், டிஎஸ்டி, ஒரு தாவல், அவ்வளவுதான். திரையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். ரீட்_ஒன்ஸை எழுதினாள். சிபியு_ரிலாக்ஸைத் திரும்ப வைத்தாள். என் நாலு வரிக்குக் கீழே தன் பங்காக ஐந்தாவது வரி சேர்த்தாள்: மேக்ரோவின் பெயர் மாறிவிட்டது, காரணம் மாறவில்லை.

அண்ணாச்சி அதற்கு முந்தின வருஷமே வேலையை விட்டு ஊரோடு போயிருந்தார். அன்று ராத்திரி போன் போட்டுச் சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“கீழ பேரியர் ஒண்ணு போட்டியே, அதுக்கு மேலயும் அந்தப் பக்கம் யாருன்னு எழுதியிருக்குல்ல?”

“இருக்கு அண்ணாச்சி. அதையும் அவ வாசிச்சுட்டுத்தான் போனா.”